அடுப்பை முதலில் வரையுங்கள்

2013ஆம் ஆண்டு கோடையில், ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க் பகுதியிலுள்ள ஆர்.வி. பேர்ஜெஸ் பூங்காவுக்குள் ஒரு தந்தூர் அடுப்பு வந்து சேர்ந்தது. வட அமெரிக்காவில் பொதுப் பூங்கா ஒன்றில் அமைந்த முதல் தந்தூர் அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. அதைக் கேட்டுப் பெற்றவர்கள் சுற்றிலும் நிற்கும் தொடர்மாடிகளில் வாழும் பெண்கள். பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தோர்ன்கிளிஃப் பார்க் பெண்கள் குழு என்று ஒன்றுகூடி, பூங்காவைச் சீர்செய்யக் கேட்டு, வெள்ளிக்கிழமைச் சந்தை நடத்தி, கடைசியில் நெருப்பு மூட்டவும் மாநகராட்சியைச் சம்மதிக்க வைத்தார்கள்.

அந்த அடுப்பை எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ரொட்டி சுட இவர்கள் ஏன் பூங்காவுக்குப் போக வேண்டியிருந்தது? அவர்கள் வாழும் ஒவ்வொரு கட்டடத்தையும் சுற்றிப் பரந்த புல்வெளி கிடக்கிறது. சுமார் 12,500 பேருக்கென்று திட்டமிட்ட அந்தக் குடியிருப்பில் இன்று 30,000 பேர்வரை வாழ்வதாகச் சொல்லப்படுகிறது. இத்தனை பேருக்கும் தங்கள் வாசலில், அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரு சட்டி வைக்க, நாலு சோளப்பொத்தி வாட்ட, குளிர்காலத்தில் அரைமணி நேரம் வெளியே உட்கார என்று வரைந்த இடம் ஒன்றுகூட இல்லை. இடப் பற்றாக்குறை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. கட்டடத்தை வரைந்தவர்கள் அதைக் குடியிருப்பின் தேவையாக எண்ணவில்லை.

ரொறன்ரோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மிகுதியாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயரமான வாடகைத் தொடர்மாடிகள் எழுந்தன. பூங்காவின் நடுவே கோபுரம் என்பது அக்காலத்துக் கட்டடக் கலைஞர்களின் கனவு. கோபுரத்தைக் கட்டினார்கள், சுற்றிப் புல்லை விதைத்தார்கள், கார் நிறுத்துமிடம் போட்டார்கள், வேலி அடைத்தார்கள். பந்து விளையாடத் தடை என்று பலகை நட்டார்கள். செயின்ற் ஜேம்ஸ் டவுனை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் இளம் தம்பதியரையும் தனியாக வாழ்வோரையும் மனத்தில் வைத்து எழுப்பப்பட்ட கோபுரக் கூட்டம் அது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முதல் கனேடிய முகவரி அங்கேதான் இருந்தது. ஒற்றை ஆளுக்கு வரைந்த வீட்டில் ஆறு பேர் குடியிருந்தார்கள். வெளியே இறங்கினால் உட்கார ஒரு வாங்குகூட அரிது. அந்தத் தலைமுறை ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளுக்குத் தனி வீடு தேடிப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. பின்வளவு வேண்டும், அதில் ஒரு அடுப்பு வேண்டும் என்ற ஆசையும் அவற்றில் ஒன்று. அந்த ஆசையில் தவறே இல்லை. தனி வீடு வாங்கினால்தான் அது நிறைவேறும் என்று ஒரு நகரம் விதித்திருப்பதுதான் தவறு.

இன்றைய புதிய கொண்டோக்களின் (வீடுகளை வாங்கிக் குடியேறும் தொடர்மாடிகளின்) விளம்பரங்களில் வெளிமுற்றமும் கிரில் அடுப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன. அதற்கு விதியும் உண்டு. ரொறன்ரோவின் 569-2013 இலக்க வலய உபவிதிப்படி, 20 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடம் வீடு ஒன்றுக்கு 4 சதுர மீற்றர் பொது வசதிப் பரப்பைத் தர வேண்டும். அதில் குறைந்தது 2 சதுர மீற்றர் உட்புறத்தில் அமைய வேண்டும். வெளிப்புறம் குறைந்தது 40 சதுர மீற்றராவது இருக்க வேண்டும். அதுவும் உட்புற வசதிக்கூடத்தை ஒட்டியோ, அங்கிருந்து நேரே போகக்கூடியதாகவோ இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது பரப்பை மட்டுமே அளக்கிறது. அந்த 40 சதுர மீற்றரில் எத்தனை மணி நேரம் வெயில் விழும், எந்தத் திசையிலிருந்து காற்று வீசும், தண்ணீர்க் குழாய் உண்டா, மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி கைத்தடியோடு அங்கே போய்ச்சேர முடியுமா என்பதைப் பற்றி அந்த எண்கள் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் கட்டடத்தை முழுதும் வரைந்து முடித்துவிட்டு, மிஞ்சிய மூலையில் முற்றம் என்று எழுதி எண்ணிக்கையை நிரப்பிவிட முடிகிறது. பெரும்பாலும் அந்த மூலை, கோபுரத்தின் அடித்தள மாடியின் கூரை.

அந்தக் கூரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உயரமான கட்டடத்தின் முகத்தில் மோதும் காற்று பக்கவாட்டில் விலகுவதோடு நிற்பதில்லை; சுவரோடு சறுக்கிக் கீழேயும் பாய்கிறது. மேலே வேகமாக வீசும் காற்றை இழுத்துக் கீழே நிற்பவரின் முகத்தில் அறையும் வேலையைக் கோபுரமே செய்கிறது. அடித்தள மாடியின் கூரை அந்தப் பாய்ச்சலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே கிரில் அடுப்பின் மூடியைத் திறந்தால் சுடர் அணைகிறது, காகிதத் தட்டு பறக்கிறது, புகை பக்கத்து வீட்டு யன்னலுக்குள் போகிறது. இரண்டு முறை போனவர் மூன்றாம் முறை போக மாட்டார். பிறகு நிர்வாகம், யாரும் பாவிப்பதில்லை என்று கணக்குச் சொல்கிறது.

வெயிலின் கதை இன்னும் கடுமையானது. ரொறன்ரோ இருக்கும் அகலாங்கில், டிசம்பர் 21 நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 பாகைதான் உயர்கிறது. 60 மீற்றர் உயரமுள்ள 20 மாடிக் கட்டடம் அப்போது ஏறக்குறைய 140 மீற்றர் நீளத்துக்கு வடக்கே நிழல் விழுத்தும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதே நிழல் 57 மீற்றர் அளவில் நிற்கும். கட்டடத்தின் வடபுறத்தில் முற்றம் வைத்தால், அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே வெயில் என்ற பேச்சே இருக்காது. தென்புறத்தில், சுவரை ஒட்டி வைத்தால், அதே சுவர் காற்றை மறித்து, பகலில் வாங்கிய வெப்பத்தை மாலையில் திருப்பித் தரும். ஒரு சதத்துக்கும் மேலதிகச் செலவில்லாத முடிவு இது. வரைபடம் வெறுந்தாளாக இருக்கும்போது மட்டுமே எடுக்க முடிகிற முடிவும்கூட.

எட்மன்ரன் நகரம் இதை நம்மைவிட முன்பே புரிந்துகொண்டது. ரொறன்ரோவைவிடக் கடுங்குளிர் அங்கே. 2012இல் அந்நகரம் குளிர்கால நகர உத்தி ஒன்றை வகுத்தது. 2016இல் குளிர்கால வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட்டது. காற்றை மறி, வெயிலைப் பிடி, நிறங்களைச் சேர், விளக்கை யோசித்து வை, குளிரிலும் பயன்படும் கட்டமைப்பை உருவாக்கு என்பதே அதன் சாரம். ஹீற்றர் வாங்கு என்று அந்தப் பட்டியல் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் கட்டட நிர்வாகங்கள் பெரும்பாலும் ஹீற்றரில்தான் தொடங்குகின்றன.

காளான் குடைபோல நிற்கும் எரிவாயு ஹீற்றர் ஒன்று, முழு வேகத்தில் மணிக்கு சுமார் 40,000 பி.ரி.யு. வெப்பத்தை வெளியிடுகிறது, மின் கணக்கில் ஏறக்குறைய 12 கிலோவாற். ஒன்பது கிலோ புறோப்பேன் சிலிண்டர் பத்துப் பதினொரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு மணிக்கும் இரண்டரைக் கிலோ அளவு கரியமிலவாயு வெளியேறும். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. திறந்த வெளியில் மெல்லிய காற்று அடித்தாலே அது கலைந்துவிடுகிறது. அகச்சிவப்பு மின் ஹீற்றர் வேறு வகை. காற்றைச் சூடாக்க முயலாமல் எதிரே இருப்பவரின் உடலையும் மேசையையும் சூடாக்குகிறது. ஒன்றரை முதல் மூன்று கிலோவாற்றுக்குள் அதன் வேலை முடிந்துவிடும். ஒன்ராறியோவின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின்னும் நீர்மின்னும் என்பதால் அதன் கரிமச் சுமையும் குறைவு. தலைக்கு மேலே பொருத்தி, ஒரு பொத்தானை அழுத்தினால் கால்மணி நேரம் எரிந்து தானே அணையும்படி வைத்தால், ஆளில்லாத முற்றத்தை இரவெல்லாம் சூடாக்கும் கொடுமையும் இல்லை.

பிரான்ஸில் ரென் நகரம் 2020 தொடக்கத்தில் உணவக வெளிமுற்றங்களில் ஹீற்றரைத் தடை செய்தது. 2022 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் அந்தத் தடை வந்தது. வானத்தைச் சூடாக்குவது பொறுப்பற்ற செயல் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு. வாடிக்கையாளரைக் கவர உணவகம் எரிப்பது ஒன்று. ஐந்து மாதம் நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கும் முதியவர் ஒருவர் அரைமணி நேரம் அயலவரோடு வெளியே இருக்க எரிப்பது வேறொன்று. முன்னதைத் தடுக்கலாம். பின்னதை அளவோடு அனுமதிக்க வேண்டும். அந்த அளவு, மூன்று பக்கமும் காற்றை மறித்த பிறகுதான் கணக்கிடப்பட வேண்டும். நல்ல காற்றுத் தடுப்பும் கூரையும் இருந்தால் பல மாலைகளில் ஹீற்றரே தேவைப்படாது. ஆனால் மறைப்பு முழு அறையாக மூடிவிடக் கூடாது; எரிவாயு எரியும் இடத்தில் காற்றோட்டம் உயிர்ப் பிரச்சினை.

பழைய வாடகைக் கோபுரங்களில் மின் ஹீற்றர் பொருத்துமுன் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். கட்டடத்தின் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா? 2018 ஓகஸ்ற்றில் செயின்ற் ஜேம்ஸ் டவுனின் 650 பாலிமென்ற் வீதிக் கட்டடத்தில், மின் கட்டமைப்பில் மூண்ட தீ சுமார் 1,500 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றியது. அவர்கள் திரும்பி வர 2020 ஆயிற்று. அறுபதுகளின் வயரிங்கை நம்பி எதையும் கூட்டிக் கட்டக் கூடாது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

அடுப்புக்கு வருவோம். கரி அடுப்பின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் தொடர்மாடியின் பொது முற்றத்தில் குழாய் வழி இயற்கை எரிவாயுதான் சரி என்பேன். கரியின் புகை மேல் மாடிக்குப் போகும். அதன் சாம்பல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் அடுத்த நாள்வரைகூடக் கனன்றுகொண்டிருக்கும். அதைக் குப்பையில் கொட்டும் ஒருவர் போதும். சிலிண்டர் என்றால் மாற்றும் வேலை, சேமிக்கும் இடம், கனடாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மறுதகுதிச் சோதனை என்று தொல்லைகள் தொடரும். குழாய் எரிவாயுவில் ஒவ்வொரு அடுப்புக்கும் திருகுநேரக் குமிழ் வைக்கலாம்; ஒரு மணி நேரத்தில் வாயு தானே நின்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தும் அவசர வால்வு, தள்ளி நின்றும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பொது அடுப்பு வேண்டாம், அவரவர் பால்கனியில் சமைக்கட்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் பால்கனியில் புறோப்பேன் அடுப்பு முழுத் தடைக்கு உட்பட்டதல்ல. சிலிண்டரின் அழுத்தவிடு வால்வுக்கும், அதன் மட்டத்துக்குக் கீழே உள்ள எந்தத் திறப்புக்கும் இடையே 1 மீற்றரும், கட்டடம் காற்றை உள்ளிழுக்கும் துவாரத்திலிருந்து 3 மீற்றரும் இடைவெளி வேண்டும். சிலிண்டரைச் சேவை லிஃப்டில் கொண்டுபோக வேண்டும். அது இல்லாவிட்டால் பயணிகள் லிஃப்டில் வேறு யாரும் ஏறாமல் தனியே கொண்டுபோக வேண்டும். ஒடுங்கிய பால்கனிகளில் இதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அங்கே ஒரு கதிரை போட்டுப் பார்த்தவர் அறிவார். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசத் தீ விதிக்கோவை, தீத்தெளிப்பான் இல்லாத தொடர்மாடிகளில், எரியக்கூடிய பால்கனியிலும் எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் திறந்த சுடர் அடுப்பைத் தடுக்கிறது. பல கொண்டோ நிர்வாகங்கள் இங்கேயும் தங்கள் விதிகளால் முற்றாகத் தடுத்துவிட்டன. தடுத்தது சரி. தடுத்துவிட்டுக் கீழே மாற்று இடம் தராததுதான் அநீதி.

இனி, திட்டமிடுவோர் யாரும் வரைபடத்தில் குறிக்காத ஒன்று: யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. ஒரே ஒரு பெரிய துருவேறா எஃகு அடுப்பை நடுவில் வைத்தால் அது எல்லோருக்கும் பொது என்று நினைப்பது அறியாமை. பன்றி இறைச்சி வெந்த தட்டியில் முஸ்லிம் குடும்பம் சமைக்காது. மாட்டிறைச்சி வெந்த தட்டியில் பல இந்துக்கள் கை வைக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் எங்கள் அம்மாக்கள், மீன் வாசம் உள்ள இடத்தில் கத்தரிக்காய் சுட்டுச் சம்பல் போட வருவார்களா? இதை எந்த விதியாலும் தீர்க்க முடியாது. வடிவமைப்பால் எளிதாகத் தீர்க்கலாம். ஒரு பெரிய அடுப்புக்குப் பதிலாக நாலு சிறிய அடுப்புகள். அதில் ஒன்று மரக்கறிக்கு மட்டும், ஒன்று ஹலாலுக்கு என்று குடியிருப்பாளரே பேசி முடிவு செய்து பலகை வைக்கட்டும். கழற்றக்கூடிய தட்டிகள், அவரவர் தட்டியைக் கொண்டுவந்து பொருத்தும் வசதி, கழுவுவதற்குச் சுடுநீர்த் தொட்டி. இந்தத் தொட்டியைச் செலவு என்று வெட்டிவிடுவார்கள். வெட்ட விடக் கூடாது. தண்ணீர் இல்லாத அடுப்பில் கொழுப்பு படியும். படிந்த கொழுப்பு ஒருநாள் தீப்பிடிக்கும். இறுக்கிப் பூட்டும் குப்பைத்தொட்டியும் வேண்டும். ரொறன்ரோவின் ரக்கூன்களுக்கு ஒரு கோழி எலும்பின் வாசம் போதும்.

மேசைகளில் சிலவற்றுக்கு அடியில் சக்கர நாற்காலி நுழைய இடம் வேண்டும். நகர்த்தக்கூடிய கதிரைகள் வேண்டும். நியூயோர்க்கின் சதுக்கங்களை ஆண்டுக்கணக்கில் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், மனிதர்கள் தங்கள் கதிரையைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டே உட்காருகிறார்கள் என்பதை 1980இல் வெளியான தன் நூலில் பதிவு செய்தார். களவு போகும் என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் கொங்கிறீற்றில் புதைத்துவிடுகிறோம்.

சாவி யாரிடம் என்பது இந்த விஷயத்தின் உயிர்நாடி. பல கொண்டோக்களில் முற்றத்தைப் பதிவு செய்ய வைப்புத்தொகை கட்ட வேண்டும், குறித்த நேரத்தில் முடித்துவிட வேண்டும், விருந்தினர் எண்ணிக்கையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வைப்புத்தொகைக்கு வசதி இல்லாதவரும், திடீரென்று வெயில் அடிக்கும் மாலையில் கீழே இறங்க நினைப்பவரும் அங்கே வர முடியாது. பாதி அடுப்புகளையாவது பதிவின்றித் திறந்துவிட வேண்டும். அருகருகே நின்று காத்திருக்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. ஒன்ராறியோவின் கொண்டோமினியம் சட்டத்தில், நிர்வாக சபை கொண்டுவரும் விதியை எதிர்க்க விரும்பினால், 15 சதவீத வீட்டு உரிமையாளர்கள் கையொப்பமிட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். அந்த உரிமையை நம்மவர்கள் வாகனத் தரிப்பிடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், முற்றத்துக்கும் பயன்படுத்தலாம். வாடகைக் கோபுரங்களில் அந்த உரிமையும் இல்லை. அங்கே வாடகையாளர் சங்கம் ஒன்றின் பெயரில் பராமரிப்புப் பொறுப்பை எழுத்தில் தருவதே வழி.

அப்படித் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரத்திலேயே முன்மாதிரி உண்டு. டஃபரின் குரோவ் பூங்காவில் 1995இல் ஒரு விறகடுப்பு கட்டப்பட்டது. யூட்டா மேசன் என்ற அயலவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அதை முன்னின்று நடத்தினார்கள். மாவு பிசைந்தார்கள், குழந்தைகளுக்குப் பீற்சா சுட்டார்கள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளத்தருகே நெருப்பு மூட்டினார்கள். ஆளில்லாமல் அஞ்சத்தக்கதாகக் கிடந்த பூங்கா ஊரின் கூடமாகியது. பிறகு பல பூங்காக்கள் அதைப் பார்த்து அடுப்புக் கட்டின. அங்கே இருந்தது விலையுயர்ந்த சாதனம் அல்ல; அதன் அருகே நின்று, நாளும் பொறுப்பேற்ற சிலர் இருந்தார்கள்.

பொது அடுப்பை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணம் 2013 டிசம்பர் பனிமழைப் புயல். ரொறன்ரோவில் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. கிறிஸ்மஸ் வாரம், கடுங்குளிர். வீட்டுக்குள் கரி அடுப்பை மூட்டியவர்கள் கார்பன் மொனொக்சைட் நஞ்சுக்கு ஆளானார்கள். தீயணைப்புத் துறைக்கு அழைப்புகள் குவிந்தன. அவர்கள் முட்டாள்கள் அல்லர். பதினைந்தாம் மாடியில் பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேறு வழி தெரியாமல் இருந்தவர்கள். கட்டடத்தின் கீழே, கூரையும் காற்றுத் தடுப்பும் உள்ள இடத்தில், மின்சாரம் இல்லாமலும் எரியும் குழாய் எரிவாயு அடுப்பு நாலு இருந்திருந்தால்? திருகுநேரக் குமிழுக்கும் மின்சாரம் வேண்டாம், உள்ளே இருப்பது சுருள்வில். கோடை விருந்துக்கென்று கட்டுவது அப்படியொரு வாரத்தில் உயிர் காக்கும். அவசரகாலத் திட்டத்தில் ஜெனரேற்றரைப் பற்றி எழுதும் அதிகாரிகள் இந்த அடுப்பையும் எழுத வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். வாடகையாளர்களின் அச்சம் நியாயமானது. ஒன்ராறியோவில் உரிமையாளர் சில பெரும் செலவுகளைக் காட்டி, வழிகாட்டு வீதத்துக்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் வரை, மூன்று ஆண்டுகளுக்கு வாடகை கூட்ட விண்ணப்பிக்கலாம். நல்ல முற்றம் வந்து, அதன் பெயராலேயே நாம் வெளியேற வேண்டி வருமோ என்று குடும்பங்கள் தயங்குவது இயல்பு. எனவே இந்தச் செலவு வாடகையில் ஏறக் கூடாது. ஏற வேண்டியதும் இல்லை. பழைய கோபுரங்களின் புல்வெளியில் புதிய கோபுரம் கட்ட இன்று விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நிலத்தின் விலை கோடிக்கணக்கில். மாநகராட்சியின் உத்தியோகபூர்வத் திட்டமும், இப்படிப்பட்ட இடங்களில் பழைய குடியிருப்பாளரின் வசதி காக்கப்பட வேண்டும், தேவையான திருத்தங்களின் செலவை வாடகையாளர் தலையில் கட்டக் கூடாது என்றே எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைக் கண்ணால் பார்க்கக்கூடிய நிபந்தனையாக மாற்ற வேண்டும். விண்ணப்பத்தின் முதல் தாளிலேயே பொது முற்றம் வரையப்பட்டிருக்க வேண்டும்: டிசம்பரில் எத்தனை மணி வெயில், எந்தச் சுவர் எந்தக் காற்றை மறிக்கிறது, அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கே, பின்னிரவில் வேலை முடிந்து வருபவர் அதைக் கடந்து போகும் வழி எது என்ற விவரங்களோடு.

புதிய கோபுரத்துக்கான முதல் குழியைத் தோண்டுமுன் அந்த முற்றம் கட்டி முடிந்து, பழைய குடியிருப்பாளரிடம் சாவி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கட்டுமானம் நாலைந்து ஆண்டுகள் ஓடும். அவ்வளவு காலமும் இருந்த புல்வெளியை வேலிக்குள் அடைத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் தருகிறோம் என்று சொன்னால், இன்று ஐந்து வயதாக இருக்கும் பிள்ளை பத்து வயதாகும்வரை வெளியே விளையாட இடமின்றி வளரும். எண்பது வயதுத் தாத்தாவுக்கு அந்த முற்றம் கிடைக்காமலே போகக்கூடும்.